பஸ்ஸுக்கு ஆதரவாக ஒரு கார் ஊர்வலம்

பொதுப் போக்குவரத்து, சாலை வசதி ஆகியவற்றைப் பற்றி வேட்பாளரின் கருத்து என்ன என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் போனில் கேட்டபோது, வேட்பாளர் ஒரு பல் மருத்துவரை ரிவர்ஸ் எடுக்கவைத்துக்கொண்டிருந்தார். பின் இருக்கையில் நோட்டீஸ் மடித்துக்கொண்டிருந்த என்னிடம் போனை நீட்டினார். "நல்ல கருத்துதாங்க" என்று சொல்லிவைத்தேன். அதற்குள் நாங்கள் ஒரு மின்கம்பத்தை நெருங்கியிருந்தோம்.

வேட்பாளர் என் மச்சான். அதாவது என் மனைவியின் அண்ணன். எங்கள் வார்டில் இருக்கும் ஒரே டிரைவிங் ஸ்கூல் அவருடையது. நான் அதில் பயிற்சியாளன், டயருக்குக் காற்றடிப்பவன், தேர்தல் வந்த பிறகு பிரசாரச் செயலாளரும் கூட. வீட்டுக்குப் போனால் "வாங்க மாப்ளே, உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போடுவார். காரில் ஏறிவிட்டால் அந்த உறவு முறிந்துவிடும்.

வார்டில் ஸ்டியரிங் பிடிக்கும் யாராக இருந்தாலும் எங்களிடம் கற்றவர்கள்தான். ஆகவே இங்குள்ள போக்குவரத்து நெரிசல் முழுக்க எங்கள் நிறுவனத்தின் தயாரிப்பு. மச்சானுக்கு ஊரார் வைத்த பெயர் பிரேக் சார். பாடம் நடத்தும்போது வேறு வார்த்தை அதிகம் பேசமாட்டார். "பிரேக்" என்பார். முதலில் எச்சரிக்கையாக, பிறகு கட்டளையாக, கடைசியில் வேண்டுதலாக. எங்கள் கார்களில் பயிற்சியாளர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு என்பதால்தான் அந்த வேண்டுதல்கள் பலித்துக்கொண்டிருந்தன.

வாக்காளர்கள் எல்லாருமே தன்னிடம் திட்டு வாங்கியவர்கள் என்பது தேர்தலில் நிற்பவருக்கு நல்லதா கெட்டதா என்று நாங்கள் யோசித்துப் பார்க்கவில்லை. வீடு வீடாகப் போனபோதுதான் புரிந்தது. கதவைத் திறந்தவர்கள் அவரைப் பார்த்ததும் முதுகை நிமிர்த்திக்கொண்டார்கள். ஒரு பெண்மணி, கல்லூரியில் பாடம் நடத்துகிறவர், "இப்ப வலது பக்கம் பாக்காம திரும்புறது இல்ல சார்" என்று தானாகவே வாக்குமூலம் கொடுத்தார். நோட்டீஸை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

செயலாளர் கேட்ட கருத்துக்கு வருகிறேன். சாலையைப் பற்றி மச்சானுக்கு இருந்தது ஒரே கருத்து. சாலையில் ஒரு குறையும் இல்லை, அதில் ஓட்டுகிறவர்கள்தான் சரியில்லை. பள்ளம் இருக்கிறதே என்றால், "பள்ளம் இல்லாட்டி கிளட்ச் எப்படிக் கத்துக்குவான்?" என்பார். பஸ் என்பது அவரைப் பொறுத்தவரை முன்னால் நகரும் ஒரு சுவர். முந்திப்போகும் பாடத்துக்கு உதவும். அவர் கடைசியாக பஸ்ஸில் ஏறியது கல்யாணத்துக்கு முன்பு, அதுவும் தப்பான பஸ்ஸில்.

இப்படிப்பட்டவர் "பஸ்ஸைக் காப்போம்" என்று போஸ்டர் அடித்ததற்குக் காரணம் என் மனைவி.

அவள் பெரிய ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் காலைக் கவுண்டரில் ரத்தம் எடுக்கிறாள். சாப்பிடாமல் வந்து காத்திருக்கும் மனிதர்கள்தான் அவளுடைய வாடிக்கையாளர்கள். உலகத்தில் அவர்களைவிடக் கோபக்காரர்கள் கிடையாது. அவள் போவது விடிந்ததும் வரும் முதல் பஸ்ஸில். காரில் நான் கொண்டுபோய் விடலாமே என்றால், அலுவலகம் போவதற்கு முன் ஓட்டக் கற்கிறவர்கள் வரும் நேரம் அதுதான், எங்கள் பிழைப்பே அந்த நேரத்தில்தான் இருக்கிறது. அவளே ஓட்டலாமே என்றால், ஒருமுறை அண்ணனிடம் கற்றுக்கொள்ளத்தான் போனாள். மூன்றாவது "பிரேக்" வரை பொறுத்தாள். பிறகு நடுரோட்டில் இன்ஜினை அணைத்து, சாவியை அவர் கையில் கொடுத்து, இறங்கி, பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு நின்ற பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். அன்றிலிருந்து பஸ்தான்.

அந்த பஸ்ஸுக்குத்தான் ஆபத்து வந்தது. காலை வண்டியில் ஆள் ஏறுவதில்லை என்று போக்குவரத்து அலுவலகத்துக்கு ஒரு சந்தேகம். திங்கட்கிழமை ஒருமுறை, வியாழக்கிழமை ஒருமுறை ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் ஆள் வைத்து எண்ணுவோம், எண்ணிக்கை தேறாவிட்டால் வண்டியை நிறுத்திவிடுவோம் என்று எல்லா நிறுத்தங்களிலும் அறிவிப்பு ஒட்டினார்கள்.

பஸ் போனால் அவள் காலைக் கவுண்டரை விட்டுவிட்டு இரவு ஷிப்டுக்கு மாற வேண்டும். எங்கள் மகள் பள்ளிவிட்டு வரும்போது அவள் கிளம்பிக்கொண்டிருப்பாள். அவள் வேலை முடிந்து வரும்போது நான் முதல் வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருப்பேன். வாசல்படியில் சாவியை மாற்றிக்கொள்ளும் தம்பதிகளை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவராக மாற எனக்கு விருப்பமில்லை.

இதை அவள் அண்ணனிடம் ஒருமுறைதான் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். அடுத்த நாள் போஸ்டருக்கு ஆர்டர் கொடுத்தார். தங்கை விஷயத்தில் அவர் எப்போதும் அப்படித்தான். அவளிடம் நேராக எதுவும் சொல்லமாட்டார், வேறு எங்காவது போய்ச் செலவு செய்துவிட்டு வருவார்.

பஸ்ஸுக்கு மக்கள் ஆதரவு இருக்கிறது என்று காட்ட ஓர் ஊர்வலம் வேண்டும் என்றார். கார் ஊர்வலம் நடத்தலாம் என்று சொன்னது நான். நம்மிடம் கார்கள் இருக்கின்றன, பழைய மாணவர்கள் தங்கள் காரோடு வருவார்கள், பார்க்க எடுப்பாக இருக்கும். அதைத் திங்கட்கிழமை காலையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றதும் நான்தான். அன்றுதானே எண்ணுகிறவர் வருகிறார், ஆதரவு அவர் கண்ணில் படும் அல்லவா. மச்சான் என்னை வியப்போடு பார்த்து, "உங்களுக்கு மூளை இருக்கு மாப்ளே" என்றார். காருக்குள் அவர் என்னிடம் அன்பாகப் பேசியது அதுதான் முதல் தடவை. நானும் நம்பிவிட்டேன். தங்கைக்குச் சொல்ல வேண்டாம், பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று முடிவாயிற்று.

திங்கட்கிழமை காலை ஊர்வலம் கிளம்பியது. ஒவ்வொரு கார் முகப்பிலும் "எங்களுக்கு பஸ் வேண்டும்" என்று பேனர். எல்லாரும் எங்கள் மாணவர்கள் என்பதாலும், ஆசிரியர் முதல் காரில் இருந்ததாலும், பரீட்சைக்கு ஓட்டுவதைப்போல ஓட்டினார்கள். இரண்டாவது கியருக்கு மேல் யாரும் போகவில்லை. முன் காருக்கும் தங்களுக்கும் நடுவே இன்னொரு ஊர்வலம் போகும் அளவுக்கு இடைவெளி விட்டார்கள். சாலையைக் கடப்பதா வேண்டாமா என்று ஒரு நாய் யோசித்தது. மொத்த ஊர்வலமும் நின்று அதன் முடிவுக்குக் காத்திருந்தது.

நான் ஓட்டினேன். மச்சான் பக்கத்தில் மைக்கோடு இருந்தார். கடைத்தெருவைத் தாண்டினால் சின்னப் பாலம் வரும். ஏற்றம், குறுகல், இதைவிட்டால் வேறு வழி கிடையாது. நாங்கள் பாலத்தைக் கடந்துவிட்டோம். நடுவில் வந்த பல் மருத்துவர் ஏற்றத்தில் இன்ஜினை அணைத்துவிட்டார். மறுபடி போட்டார், மறுபடி அணைந்தது. ஏற்றத்தில் கிளப்பும் பாடம் அவருக்கு அடுத்த வாரம்தான் வைத்திருந்தோம்.

நாங்களும் நின்றோம். பின்னாலிருந்து ஹாரன் சத்தம் வந்தது. நீளமான, கனமான ஹாரன்.

"ஆதரவு வலுக்குது மாப்ளே" என்றார் மச்சான்.

மைக்கில் இன்னும் உற்சாகமாகப் பேசினார். தாய்மார்களே, பெரியோர்களே, இந்த பஸ் உங்கள் பஸ், இதைக் காப்பது நம் கடமை என்று நான் எழுதிக்கொடுத்ததை ஒரு சொல் விடாமல் படித்தார். பாலத்தின் மீது ஆட்கள் வரிசையாக நடந்து வருவது பக்கக் கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது. ஊர்வலத்தில் மக்கள் தாங்களாகவே சேர்ந்துவிட்டார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். அதில் முன்னால் வந்தவள், தோளில் பையை இழுத்து மாட்டிக்கொண்டு வேகமாக நடந்தவள், என் மனைவி.

எங்கள் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. குனிந்து, மச்சான் பக்க ஜன்னலைத் தட்டினாள். அவர் மைக்கை அணைக்க மறந்துவிட்டார். ஆகவே அவள் பேசியது கடைத்தெரு வரைக்கும் கேட்டது.

"அண்ணா, நீ காப்பாத்தச் சொல்ற பஸ்சு உனக்குப் பின்னாடிதான் நிக்குது. கொஞ்சம் வழி விட்டீன்னா அதுவே காப்பாத்திக்கும்."

சொல்லிவிட்டு நடந்து போய்விட்டாள். பஸ்ஸிலிருந்து இறங்கிய மற்றவர்களும் அவளைத் தொடர்ந்து எங்களைக் கடந்து போனார்கள். பள்ளிக்கூடக் காவலாளி, இரண்டு நர்ஸுகள், துணிக்கடைப் பெண்கள். மச்சான் ஒவ்வொருவருக்கும் கை கூப்பிக்கொண்டிருந்தார், கை தானாகக் கூப்பிக்கொண்டிருந்தது என்பதே சரி. நான் ஓடிப்போய்ப் பல் மருத்துவரை இறக்கிவிட்டு அவருடைய காரை எடுத்துக் கொடுத்தேன். பஸ் எங்களைக் கடந்து போகும்போது உள்ளே டிரைவர், கண்டக்டர், ஜன்னல் ஓரத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தவிர யாரும் இல்லை.

மற்றதை அன்று சாயங்காலம் அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அவள் ஆஸ்பத்திரி வாசலை நெருங்கும்போது பஸ்ஸும் வந்து நின்றதாம். எண்ணுவதற்கு வந்தவர் கையில் ஒரு சின்னக் கருவியோடு படிக்கட்டுப் பக்கம் நின்றாராம். அந்தப் பெரியவரை எழுப்பி இறக்கியதும் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திவிட்டுக் கிளம்பப் பார்த்தாராம். நாங்கள் எல்லாரும் இதில்தான் வந்தோம், பாதியில் இறங்க வேண்டியதாகிவிட்டது என்று இவள் விளக்கியிருக்கிறாள். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, "எறங்குறவங்களைத்தாம்மா எண்ணச் சொல்லியிருக்காங்க" என்றாராம். வேண்டுமானால் இப்போது ஏறி இறங்கிக் காட்டட்டுமா என்று கேட்டிருக்கிறாள். அவரும் கொஞ்சம் யோசித்திருக்கிறார். அதற்குள் பஸ் போய்விட்டது.

கவுண்டரில் பசியோடு ஒரு கூட்டம். கூடத்தின் தலைவி எல்லார் முன்னாலும் எதுவும் பேசவில்லை. தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு முறை இப்படி நேரமானால் காலைக் கவுண்டரை வேறு ஆளிடம் கொடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லியிருக்கிறார். நல்ல மனுஷிதான், வருத்தத்தோடுதான் சொன்னார் என்று என் மனைவி அவருக்காகவும் பேசினாள்.

இதெல்லாம் மச்சான் வீட்டுச் சமையலறையில் நடந்தது. அவள் திட்டியிருந்தால் நாங்கள் தாங்கியிருப்போம், எங்கள் தொழிலில் திட்டு என்பது புழங்குகிற பொருள். அவளோ அண்ணியிடம், இரவு ஷிப்டுக்குப் போனால் சாயங்காலம் பிள்ளையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று நிதானமாகக் கேட்டாள். அதற்கென்ன, தாராளமாக என்றார் அண்ணி. இரண்டு பேரும் எங்களைத் திரும்பியே பார்க்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியும் நாங்களும் ஒரே மாதிரி நின்றுகொண்டிருந்தோம், அதாவது ஓரமாக, லேசாக முனகிக்கொண்டு.

"வியாழக்கிழமை ஒண்ணு இருக்கில்ல?" என்றார் மச்சான்.

"இருக்கு."

"அன்னிக்கு ஊர்வலம் வெக்கல."

"வெக்காதண்ணா" என்றாள்.

அவர் அன்று சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். ஆனால் ருசித்துச் சாப்பிடவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

புதன்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட மண்டபத்தில் வேட்பாளர்கள் கூட்டம். குடியிருப்போர் சங்கம் ஏற்பாடு செய்திருந்தது. குழந்தைகள் உட்காரும் பெஞ்சுகளில் வார்டின் பெரியவர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்கு எதிராக நின்ற சிமெண்ட் கடைக்காரர் முதலில் பேசினார். மேம்பாலம் கட்டித் தருவேன் என்றார். பெரிய வண்ணப் படம் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். படத்தில் மேம்பாலம் அழகாக இருந்தது. அதற்குக் கீழே எங்கள் வார்டு எங்கே என்று ஒருவர் கேட்டார். பாலத்துக்குக் கீழேதான், நிழலாக இருக்கும், வெயில் காலத்தில் அருமை தெரியும் என்றார். கைதட்டல் நன்றாகவே இருந்தது. அவ்வளவு பெரிய பாலத்துக்குச் சிமெண்ட் எங்கே வாங்குவீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. நாங்கள் நாகரிகமானவர்கள்.

அடுத்து மச்சான். நான் எழுதிக்கொடுத்த உரை அவர் கையில் இருந்தது. 'தொலைநோக்கு' என்ற சொல் பத்திக்கு ஒருமுறையாவது வரும்படி பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதை மடித்து, மேஜை ஆடாமல் இருக்க அதன் கால் ஒன்றுக்கு அடியில் வைத்தார்.

"பஸ்ஸைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று ஆரம்பித்தார். பின் வரிசையில் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ரோட்டைப் பத்தித் தெரியும்னு நெனச்சிருந்தேன். அதுவும் திங்கக்கிழமை போச்சு. அன்னிக்கு அந்த பஸ்ல ஆளுங்க இருந்தாங்க. நான்தான் முன்னாடி போய் நின்னு எல்லாரையும் எறக்கிவிட்டுட்டேன். எண்ண வந்தவரு காலி வண்டிய எண்ணிட்டுப் போனாரு. அவரு மேல தப்பில்ல. நாளைக்குக் காலையில மறுபடியும் எண்ணுறாங்க. எனக்கு ஓட்டுப் போடுறதப் பத்தி அப்புறம் பேசலாம், போடாட்டியும் பேசலாம். நாளைக்கு ஒரு நாள் யாரும் காரைத் தொடாதீங்க. பஸ்ல ஏறுங்க."

மண்டபம் கொஞ்சம் சிரித்தது. சிமெண்ட் கடைக்காரர் அதிகம் சிரித்தார். முன் பெஞ்சிலிருந்து பல் மருத்துவர், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆவலில், எழுந்து நின்றார்.

"ஏறி எங்க சார் போறது?"

"ஆஸ்பத்திரிக்குப் போங்க. ரத்தம் டெஸ்ட் பண்ணி ரொம்ப நாளாச்சு இல்ல? பண்ணிட்டு வாங்க."

மறுபடி சிரிப்பு. மச்சான் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவர் முகம் மாறியதைக் கவனித்தேன். ஓட்டுக் கேட்பவரின் முகம் போய், பயிற்சிக் காரின் இடது இருக்கையா வலது இருக்கையா என்று தெரியாமல் தடுமாறுபவனைப் பார்க்கும் முகம் வந்திருந்தது.

"என்ன முழிக்கிறீங்க? சொன்னது கேட்டுச்சா இல்லையா?"

"கேட்டுச்சு சார்" என்றார் பல் மருத்துவர். கல்லூரி ஆசிரியை, மருந்துக் கடைக்காரர், வங்கி மேலாளர் என்று பெஞ்சு பெஞ்சாக அதே பதில் வந்தது. சிமெண்ட் கடைக்காரரின் உதடும் அசைந்ததை நான் பார்த்தேன். அவரும் எங்களிடம் கற்றவர்தான்.

வெளியே வந்ததும் நான் என் கடமையைச் செய்தேன். உள்ளூர்ப் பத்திரிகையின் போட்டோக்காரரைப் பிடித்து, காலையில் ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் தயாராக இருங்கள், வேட்பாளர் பஸ்ஸிலிருந்து முதல் ஆளாக இறங்குவார் என்று சொல்லி வைத்தேன். வெள்ளிக்கிழமை இதழில் முதல் பக்கம், ஞாயிற்றுக்கிழமை ஓட்டுப்பதிவு. மச்சானும் மறுக்கவில்லை. புதுச் சட்டை போட வேண்டுமா என்று மட்டும் கேட்டார்.

வியாழக்கிழமை காலை வகுப்புக்கு ஒரு ஆள்கூட வரவில்லை. எங்கள் ஸ்கூலின் வரலாற்றில் முதல் தடவையாக நான் அந்த நேரத்தில் சும்மா இருந்தேன். ஆகவே மனைவியோடு நிறுத்தம் வரை நடந்தேன். அவள் வழக்கமான வேகத்தில் வந்தாள். பேசிக்கொண்டும் வந்தாள், அப்படியென்றால் மனசு லேசாக இருக்கிறது என்று அர்த்தம். தெருவில் கார்கள் எல்லாம் வாசலிலேயே நின்றிருந்ததைப் பார்த்து, "அட" என்றாள்.

பஸ் தூரத்தில் வரும்போதே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

மச்சான், பஸ் கிளம்பும் முதல் நிறுத்தத்திலேயே ஏறியிருந்தார். எங்களுக்கு முந்தைய நிறுத்தங்களில் மொத்த வார்டும் ஏறியிருந்தது. ஜன்னல் கண்ணாடிகளில் கன்னங்கள் அழுந்தியிருந்தன. பல் மருத்துவரின் பல் வரிசை ஒரு ஜன்னலில் முழுசாகத் தெரிந்தது. கதவு திறந்தது, ஆனால் பாதிதான் திறந்தது, மீதிப் பாதியில் வங்கி மேலாளர் இருந்தார்.

"எடமில்லம்மா" என்றார் கண்டக்டர். தினமும் பார்க்கும் முகம் என்பதால் சங்கடப்பட்டார். "எறும்பு நுழையக்கூட எடமில்ல. நானே எப்படி நிக்கிறேன்னு எனக்குத் தெரியல."

என் மனைவி படிக்கட்டைப் பார்த்தாள். கையில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இந்த நிறுத்தத்தில் இத்தனை வருஷமாக, மழையில், காய்ச்சலில், வயிற்றில் பிள்ளையோடு இந்த பஸ்ஸில் ஏறியவள், அது நிரம்பியதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. சந்தோஷப்படுவதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் எனக்கு அழுகை வந்தது.

"வீட்டுக்குப் போய்க் காரை எடுத்துட்டு வரட்டுமா? வேகமாப் போயிடலாம்."

"வேண்டாங்க" என்றாள். "இது என் பஸ்சு."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் முதல் ஆளாக இறங்க வேண்டும் என்பதற்காகக் கதவுக்குப் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்கு அது கேட்டுவிட்டது. வங்கி மேலாளரின் அக்குளுக்குக் கீழிருந்து முதலில் ஒரு கை வந்தது. பிறகு புதுச் சட்டையின் ஒரு தோள். கண்டக்டர் இழுத்தார், உள்ளேயிருந்து யாரோ தள்ளினார்கள், மச்சான் கீழே வந்து சேர்ந்தார். சட்டையில் இரண்டு பொத்தான்கள் வரவில்லை.

"ஏறு" என்றார்.

"உனக்கு அங்க போட்டோ எடுக்க நிக்கிறாங்களாமே?"

"ஏறும்மா. நேரமாவுது உனக்கு."

அவள் அவரை ஒரு நொடி பார்த்தாள். அவர் முகத்தைப் பஸ்ஸின் டயர் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் ஏறினாள். அவர் விட்டுவந்த இடம் அவளுக்குச் சரியாக இருந்தது, அண்ணனும் தங்கையும் ஒரே உடல்வாகு. கதவு ஒருவழியாக மூடியது. பஸ் சாய்ந்தபடியே போயிற்று. ஒருவர் இறங்கி ஒருவர் ஏறியதால் எண்ணிக்கை மாறவில்லை.

முடிவுக்கு அவசரப்படுகிறவர்களுக்காக இங்கேயே சொல்லிவிடுகிறேன். பஸ் நிற்கவில்லை, இன்றைக்கும் ஓடுகிறது. எண்ண வந்தவருக்கு அன்று கட்டைவிரல் வீங்கிவிட்டதாகக் கேள்வி. மச்சான் சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்ட எங்கள் மாணவர்கள் வெறும் வயிற்றோடு பரிசோதனைக் கூடத்தில் வரிசையில் நின்று, என் மனைவியிடம் கையை நீட்டினார்கள். அவள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தாள். அவர்களில் இரண்டு பேருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது, அவர்கள் இன்னும் எங்கள்மீது கோபமாக இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை பத்திரிகையின் முதல் பக்கத்தில் வங்கி மேலாளர் பஸ்ஸிலிருந்து இறங்கும் படம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மச்சான் தோற்றார். மேம்பாலம் படத்தில் இருக்கிறது.

இதெல்லாம் பின்னால் நடந்தவை. அந்த வியாழக்கிழமை காலையில் நானும் அவரும் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். போட்டோக்காரர் இரண்டு முறை போனில் கூப்பிட்டார், மச்சான் எடுக்கவில்லை. பெஞ்சில் ஒரு பலகை உடைந்திருந்தது. அதைக் கையால் அசைத்துப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். கூரையில் இருந்த ஓட்டை வழியாக வானத்தையும் பார்த்தார்.

"மழை பெஞ்சா இங்கதான் நிப்பாளா?"

"இங்கதான் மச்சான்."

உடைந்த பலகையைப் பழையபடி அழுத்தி வைத்துவிட்டு, "நான் அன்னிக்குக் கொஞ்சம் அதிகமாத்தான் கத்திட்டேன்" என்றார். அவள் நடுரோட்டில் சாவியைக் கொடுத்த அன்றைக்கா என்று நான் கேட்கவில்லை. நானும் அவர் ஸ்கூலில் வேலை பார்ப்பவன்.

வீட்டுக்கு நடந்தே போய்விடலாம், பக்கம்தான். அவர் எழுந்திருக்கவில்லை. வெயில் ஏறிய பிறகு அடுத்த பஸ் வந்தது. இதில் உட்கார இடம் தாராளமாக இருந்தது. அவர் எழுந்து ஏறினார், நானும் பின்னால் ஏறினேன். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தார். கண்டக்டர் வந்து நின்று, அவரையும், நிறுத்தத்துச் சுவரில் நான் ஒட்டியிருந்த போஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்கதானே சார் அது?"

"ஆமா."

"எங்க போகணும்?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"இது எங்கெல்லாம் போகும்?" என்று கேட்டார்.

கண்டக்டர் டிக்கெட் கட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு முன் இருக்கையின் கம்பியில் சாய்ந்துகொண்டு, கடைத்தெரு, சின்னப் பாலம், தண்ணீர்த் தொட்டி என்று ஒவ்வொரு நிறுத்தமாகச் சொல்லத் தொடங்கினார். மச்சான் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.